செம்பில் ஏறும் பச்சை: கவசமா, நோயா?

புளி போட்டு விளக்கிய செம்புக் குடம் எப்படிப் பளபளக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதே குடத்தைப் பரண்மேல் போட்டு மறந்துவிட்டால் என்ன ஆகிறது? சில நாட்களில் பளபளப்பு மங்குகிறது. சில மாதங்களில் பழுப்பு நிறம் படர்கிறது. ஈரம் பட்ட இடங்களில் பச்சைத் திட்டுகள் தோன்றுகின்றன. இந்தப் பச்சையை நாம் களிம்பு என்கிறோம். செம்பைப் பற்றிய களிம்பு என்பது, உயிரைப் பற்றிய மலத்துக்கு உவமையாகச் சைவ சித்தாந்த நூல்களில் வரும் அளவுக்கு நம் மக்களுக்குப் பழகிய செய்தி. மேனாட்டார் இதனைப் 'பட்டினா' என்று அழைக்கின்றனர்.

களிம்பு என்றாலே அழுக்கு, நஞ்சு, தேய்த்து அகற்ற வேண்டிய ஒன்று என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் உலகெங்கும் சிற்பிகளும் உலோகக் கலைஞர்களும் புதிய செம்பின்மீதும் வெண்கலத்தின்மீதும் இதே களிம்பை வேண்டுமென்றே, பெருமுயற்சி செய்து ஏற்றுகிறார்கள். ஒரே பொருளை ஒருவர் தேய்த்து எடுக்கிறார். இன்னொருவர் வளர்த்து எடுக்கிறார். இருவரில் யார் செய்வது சரி? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1906-இல் எழுந்த ஒரு வழக்கு

நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பார்த்தோல்தி என்ற பிரெஞ்சுச் சிற்பி வடித்த இச்சிலை 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. அதன் மேற்புறம் முழுவதும் சுமார் 2.4 மில்லிமீட்டர் தடிப்புள்ள செம்புத் தகடுகளால் ஆனது. திறப்பு விழா நாளில் அது பச்சையாக இல்லை. புதுச் செப்புக் காசின் நிறத்தில் இருந்தது. பிறகு பழுத்து, கறுத்து, இருபது ஆண்டுகளில் பச்சையாகிவிட்டது.

1906-ஆம் ஆண்டில், சிலையைப் பழுதுபார்க்கவும் உள்ளும் புறமும் வண்ணம் பூசவும் அமெரிக்க அரசு பணம் ஒதுக்கியது. "சிலைக்கு வண்ணம் பூசுவதா?" என்று மக்களிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது. இராணுவப் பொறியாளர்கள் பச்சைப் படலத்தை ஆராய்ந்தனர். அது உலோகத்தை அரிக்கவில்லை. மாறாக, மேலும் அரிபடாமல் காக்கிறது என்று முடிவு கூறினர். வெளிப்புறத்துக்கு வண்ணம் பூசும் திட்டம் கைவிடப்பட்டது. உட்புறம் மட்டும் பூசப்பட்டது. அன்று அவர்கள் எடுத்த முடிவு சரிதானா? அதை அறியப் பச்சை எப்படி உண்டாகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

அடுக்கடுக்காக வளரும் தோல்

விளக்கிய செம்பு காற்றில் பட்ட உடனேயே ஆக்சிஜனுடன் சேரத் தொடங்குகிறது.

செம்பு + ஆக்சிஜன் → குப்ரஸ் ஆக்சைடு

குப்ரஸ் ஆக்சைடு செந்நிறமானது. உலோகத்தை இறுகப் பற்றிக்கொண்டு நிற்பது. குடத்தின் பளபளப்பு மங்கிப் பழுப்பேறுவதற்கு இதுவே முதற் காரணம். காற்றில் ஹைட்ரஜன் சல்பைடு சிறிதளவு இருந்தாலும் கறுப்பு நிறமுள்ள தாமிர சல்பைடும் உடன் தோன்றும்.

மூன்றாவதாகப் பச்சை வருகிறது. இங்கே உங்கள் பாடநூலைச் சற்று விரித்துப் படிக்க வேண்டியிருக்கிறது. ஈரக்காற்றில் செம்பின்மீது உண்டாகும் பச்சைப் பொருள் கார தாமிர கார்பனேட்டு என்று நீங்கள் படித்திருப்பீர்கள். மண்ணில் புதைந்த பொருள்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். மண்ணிலுள்ள கார்பன் டைஆக்சைடு அங்கே வேலை செய்கிறது. ஆனால் நகரங்களில் திறந்த வெளியிலுள்ள கூரைகளிலும் சிலைகளிலும் காணும் பச்சையை, வெர்னன், விட்பி என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இருவர் 1930-ஆம் ஆண்டை ஒட்டிப் பகுத்துப் பார்த்தனர். அதில் முதன்மையாக இருந்தது கார்பனேட்டு அன்று. கார தாமிர சல்பேட்டு. நிலக்கரி எரிவதால் காற்றில் கலந்த கந்தக டைஆக்சைடே இதற்கு மூலம்.

குப்ரஸ் ஆக்சைடு + கந்தக டைஆக்சைடு + ஆக்சிஜன் + நீர் → கார தாமிர சல்பேட்டு

சுதந்திர தேவியின் பச்சையிலும் பெரும்பகுதி இந்தச் சல்பேட்டே. காற்றில் கந்தகம் குறைந்தால் பச்சை ஏறும் வேகமும் குறைகிறது. புகை மிகுந்த நகரத்தில் இருபது ஆண்டுகளில் பச்சையாகும் கூரை, தூய காற்றுள்ள ஊரில் அதைவிடப் பல ஆண்டுகள் பழுப்பாகவே நிற்கும்.

இப்படலம் எப்படிக் காக்கிறது? கார தாமிர சல்பேட்டு மழைநீரில் எளிதில் கரைவதில்லை. அதன் அடியிலுள்ள குப்ரஸ் ஆக்சைடு உலோகத்தைவிட்டு உதிர்வதில்லை. எனவே புதிதாக வினை நடக்க வேண்டுமானால், செம்பு அயனிகளோ ஆக்சிஜனோ இத்தோலின் ஊடே ஊடுருவிச் செல்ல வேண்டும். தோல் தடிக்கத் தடிக்கப் பாதை நீள்கிறது, வினை மெதுவாகிறது. இதனை ஓர் எளிய விதியால் கூறலாம். ஊடுருவலால் வளரும் படலத்தின் தடிப்பு, காலத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஓராண்டில் ஒரு பங்கு வளர்ந்தால், நான்கு ஆண்டில் இரண்டு பங்கு, ஒன்பது ஆண்டில் மூன்று பங்கு. நூறு ஆண்டு கழித்துப் பார்த்தால் நூறு பங்கு இருக்காது. பத்துப் பங்குதான் இருக்கும். மழையும் தூசியும் புகுந்த திறந்த வெளியில் இவ்விதி அப்படியே நடப்பதில்லை என்றாலும், போக்கு இதுதான்.

இரும்புத் துருவை இத்துடன் ஒப்பிடுங்கள். துரு பொருக்காக உதிர்ந்து விழுகிறது. அடியில் புதிய இரும்பு மீண்டும் காற்றுக்கு ஆளாகிறது. எனவே துரு இரும்பைத் தின்றுகொண்டே போகிறது. செம்பின் தோலோ ஒட்டி நின்று காவல் காக்கிறது.

நூறாண்டுத் தேர்வு

சிலையின் நூற்றாண்டையொட்டி 1984 முதல் 1986 வரை பெரும் பழுதுபார்ப்பு நடைபெற்றது. நூறு ஆண்டுக் கடற்காற்றில் செம்புத் தகடு இழந்த தடிப்பு, சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே என்று தெரிந்தது. 1906-ஆம் ஆண்டுப் பொறியாளர்களின் தீர்ப்பு சரியாகவே இருந்தது.

உண்மையான கேடு வேறோர் இடத்தில் இருந்தது. செம்புத் தோலைத் தாங்கும் உட்சட்டம் இரும்புப் பட்டைகளால் ஆனது. இரு உலோகங்களும் நேரடியாகத் தொடாதபடி இடையே கல்நார் வைக்கப்பட்டிருந்தது. காலப்போக்கில் அது சிதைந்தது. செம்பு, இரும்பு, இடையே உப்பு கலந்த ஈரம் - இது என்ன? நீங்கள் ஆய்வகத்தில் அமைக்கும் மின்கலமேதான்! இக்கலத்தில் இரும்பு அரிபட்டது. துரு பருத்து, தகடுகளைப் பிணைத்த ஆணிகளைப் பிதுக்கித் தள்ளியது. இரும்புப் பட்டைகளை எடுத்துவிட்டுத் துருவேறா எஃகுப் பட்டைகள் பொருத்தப்பட்டன. செம்புக்கும் எஃகுக்கும் இடையே டெஃப்லான் நாடா இடப்பட்டது.

அப்போது ஒரு சிக்கல் எழுந்தது. ஒட்டுப்போட வேண்டிய இடங்களில் புதுச் செம்பை வைத்தால் அது பச்சைத் தோலின் நடுவே செம்மையாகத் துருத்திக்கொண்டு தெரியும். அதனால் பெல் ஆய்வுக்கூடத்தின் கூரையில் பல ஆண்டுகள் இருந்து, சிலையின் நிறத்தையே பெற்றிருந்த செம்புத் தகடுகளைக் கழற்றிவந்து சில இடங்களில் பயன்படுத்தினர். ஈடாகச் சிலையின் பழைய செம்பில் கொஞ்சம் ஆராய்ச்சிக்காக அந்த ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்கப்பட்டது. காலம் செய்யும் வேலையைச் செயற்கையாகச் செய்வது அத்தனை எளிதன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

ஆறாத பச்சை

பச்சை எல்லாம் கவசம் என்று இப்போது முடிவு கட்டிவிடலாமா? கூடாது. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும் இன்னொரு பச்சை இருக்கிறது. அதற்கு 'வெண்கல நோய்' என்று பெயர்.

வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்த கலவை. வெண்கலச் சிலை ஒன்று உப்புச் சத்துள்ள மண்ணில் பல நூற்றாண்டுகள் புதைந்து கிடப்பதாகக் கொள்வோம். மண்ணிலுள்ள குளோரைடு அயனிகள் மெல்ல உள்ளே புகுந்து, வெளிப்பொருக்குக்கு அடியில், உலோகத்தை ஒட்டி, குப்ரஸ் குளோரைடாகத் தங்கிவிடுகின்றன. புதைந்திருக்கும் வரை அது அமைதியாக இருக்கிறது. சிலையைத் தோண்டி எடுத்துக் காற்றுக்கும் ஈரத்துக்கும் ஆளாக்கியதும் வினை தொடங்குகிறது.

குப்ரஸ் குளோரைடு + ஆக்சிஜன் + நீர் → கார தாமிர குளோரைடு + ஹைட்ரோகுளோரிக் அமிலம்

இவ்வாறு பிறந்த அமிலம் சும்மா இருக்குமா?

செம்பு + ஹைட்ரோகுளோரிக் அமிலம் + ஆக்சிஜன் → குப்ரஸ் குளோரைடு + நீர்

இரண்டாம் வினையின் விளைபொருள் முதல் வினையின் மூலப்பொருள் என்பதைக் கவனியுங்கள். குளோரினில் ஒரு பகுதி பச்சைத் தூளில் தங்குகிறது. மறு பகுதி அமிலமாகத் திரும்பிப் புதிய செம்பைத் தாக்குகிறது. சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கிறது. வெளிறிய பச்சை நிறத்தில் மாவு போன்ற தூள் புள்ளிபுள்ளியாகப் பூக்கும், தட்டினால் உதிரும், அடியில் குழி இருக்கும். இந்தச் சுழல்வினையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெர்த்தலோ என்ற பிரெஞ்சு வேதியியலர் எடுத்துக்காட்டினார்.

அப்படியானால் கடல் நடுவே நிற்கும் சுதந்திர தேவிக்கு ஏன் இந்நோய் வரவில்லை? அங்கேயும் உப்புக் காற்றுதான். ஆனால் மழை அடிக்கடி கழுவிவிடுகிறது. உப்பு, தோலுக்கு அடியில் உலோகத்தை ஒட்டிச் சேர்வதற்கு வழியில்லை. புதைந்த சிலைக்கு அந்தக் கழுவுதல் கிடைப்பதில்லை.

நம் நாட்டில் இது வெறும் பாடநூல் செய்தி அன்று. நிலத்தடியிலிருந்து கிடைத்த விலைமதிப்பற்ற வெண்கலத் திருவுருவங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றை இந்நோயிலிருந்து காப்பதற்காக 1930-ஆம் ஆண்டு அங்கே வேதியியல் ஆய்வகம் ஒன்று தொடங்கப்பட்டது. அங்கே டாக்டர் எஸ். பரமசிவன் மின்னாற்பகுப்பு முறையைக் கையாண்டார். இம்முறையில், நீர்த்த காஸ்டிக் சோடா கரைசலில் சிலையை எதிர்மின்வாயாகத் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்துவார்கள். எதிர்மின்னூட்டமுள்ள குளோரைடு அயனிகள் சிலையைவிட்டு விலகி நேர்மின்வாயை நோக்கிச் செல்லும். பொருக்கும் இளகிப்போகும். நீங்கள் படிக்கும் மின்னாற்பகுப்புப் பாடம் இங்கே நோய்க்கு மருந்தாகிறது! பொருக்கு முழுவதையும் இழக்காமல் காக்கும் மென்மையான முறைகளும் பிற்காலத்தில் வந்துள்ளன. குளோரைடைச் சோடா உப்புக் கரைசலில் ஊறவைத்து இழுப்பது, பென்சோடிரையசோல் என்னும் பொருளால் மேற்பரப்பை மூடுவது, பொருளை உலர்ந்த காற்றில் வைப்பது ஆகியவை அவற்றுள் சில.

ஆக, செம்பு ஒன்றே; அதனுடன் சேர்வது சல்பேட்டா, குளோரைடா, அது எங்கே சேர்கிறது என்பதைப் பொறுத்தே பச்சை காவலனாகவோ கள்வனாகவோ ஆகிறது. நிறத்தைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

காலத்தை முந்தும் கலைஞர்கள்

இயற்கை பல பத்தாண்டுகளில் செய்வதை மனிதன் சில நாட்களில் செய்ய விரும்பினான். தெற்குப் பிரான்சிலுள்ள மோன்பெல்லியே நகரில் பதினெட்டாம் நூற்றாண்டில் இது ஒரு வீட்டுத் தொழிலாகவே நடந்தது. திராட்சைச் சக்கையை மதுவில் ஊறவைத்துப் புளிக்கவிடுவார்கள். மட்பானைகளில் செம்புத் தகடுகளையும் இச்சக்கையையும் மாற்றி மாற்றி அடுக்கி நிலவறையில் வைப்பார்கள். புளித்த சக்கையிலிருந்து வரும் அசெட்டிக் அமிலம் தகட்டின்மீது நீலப் பச்சையான தாமிர அசெட்டேட்டை வளர்க்கும். பெண்கள் அதைச் சுரண்டி எடுத்து ஓவிய வண்ணமாக விற்பனைக்கு அனுப்பினர்.

இங்கே வேண்டியது சுரண்டி எடுக்கும் பச்சை. வெண்கலச் சிற்பிக்கு வேண்டியதோ ஒட்டி நிற்கும் பச்சை. அவர் சிலையை நெருப்புச் சுவாலையால் சூடேற்றி, கரைசலைத் தூரிகையால் மெல்லிய பூச்சுகளாகத் தடவுகிறார். பெர்ரிக் நைட்ரேட்டு செம்பழுப்பு நிறம் தரும். தாமிர நைட்ரேட்டு பச்சையும் நீலமும் தரும். பொட்டாசியத்தின் பல்வகைச் சல்பைடுகள் அடங்கிய கரைசல் பழுப்பும் கறுப்பும் தரும். ஒரே முறை தடிப்பாகத் தடவினால் பொருக்கு உதிர்ந்துவிடும். பல முறை மெல்லியதாகத் தடவினால் நிற்கும். இறுதியில், சூடு ஆறுமுன் மெழுகு பூசி ஈரம் புகாமல் மூடுகிறார்.

ஜப்பானியர் இக்கலையை இன்னொரு படி உயர்த்தினர். அவர்கள் உலோகத்துக்கு வெளியே வண்ணத்தைத் தேடாமல், உலோகக் கலவைக்குள்ளேயே வண்ணத்தை ஒளித்து வைத்தனர். செம்புடன் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு வரை பொன் சேர்த்து 'ஷகுடோ' என்ற கலவையைச் செய்தனர். வெட்டிப் பார்த்தால் சாதாரணச் செம்பு போலவே இருக்கும். மெருகேற்றி, துருவிய முள்ளங்கியைப் பூசி, தாமிர அசெட்டேட்டும் தாமிர சல்பேட்டும் கலந்த நீரில் கொதிக்கவைத்தால் ஊதா சாயலுள்ள ஆழ்ந்த கறுப்பு நிறம் பெறும். அதே நீரில் தனிச் செம்பை இட்டால் செம்பழுப்பு. நான்கில் ஒரு பங்கு வெள்ளி கலந்த 'ஷிபுஇச்சி' என்ற கலவை சாம்பல் நிறம். மூன்று உலோகங்களை ஒரே பொருளில் பதித்து ஒரே நீரில் கொதிக்கவைத்தால் மூன்று நிறங்கள் ஒருங்கே தோன்றும்! வாள்களின் பூண்களை இவ்வாறு அழகு செய்துவந்த கைவினைஞர்கள், 1876-இல் பொது இடங்களில் வாள் தரிப்பது தடை செய்யப்பட்டபின் பூச்சாடிகளும் அணிகலன்களும் செய்யத் திரும்பினர்.

நிறம் இருவகை

இங்கே நாம் இயற்பியலுக்கு வருகிறோம். செம்பின்மீது தோன்றும் நிறங்கள் எல்லாம் ஒரே காரணத்தால் வருவன அல்ல.

பச்சை நிறம் தாமிர அயனியின் சொந்த நிறம். மயில்துத்தம் நீலமாகத் தெரிவதும் இதனால்தான். வெள்ளொளியிலுள்ள சிவப்பை அவ்வயனி உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சிய நீலமும் பச்சையும் நம் கண்ணுக்கு வருகின்றன. படலம் தடித்தாலும் அது பச்சையே; சாய்த்துப் பார்த்தாலும் பச்சையே.

செம்பைச் சூடாக்கும்போது தோன்றும் ஊதாவும் நீலமும் பொன்மஞ்சளும் வேறு வகை. அங்கே ஊதா நிறப் பொருள் எதுவும் இல்லை. மெல்லிய ஆக்சைடு படலம் மட்டுமே உள்ளது. ஒளியில் ஒரு பகுதி படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. மறு பகுதி உள்ளே சென்று உலோகத்தில் பட்டுத் திரும்புகிறது. இரண்டும் சேரும்போது சில அலைநீளங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. எஞ்சியவை நிறமாகத் தெரிகின்றன. இதுவே குறுக்கீட்டு விளைவு. சோப்புக் குமிழியிலும், மழைக்காலச் சாலையில் சிந்திய எண்ணெயிலும் நீங்கள் காணும் அதே காட்சி. படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தடிப்பு சிறிது மாறினாலும் நிறம் மாறிவிடும். ஆகவே நிறமே இங்கு அளவுகோல்!

செய்து பாருங்கள்

கீழ்க்கண்ட சோதனைகளைப் பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரின் மேற்பார்வையில் செய்யுங்கள். தடித்த செம்புக் கம்பியின் உறையை நீக்கி, சுத்தியால் தட்டித் தட்டையாக்கி, ஆறு துண்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதற்பணி: துண்டுகளை மென்மையான உப்புத்தாளால் தேய்த்து, பிறகு புளியால் விளக்கிக் கழுவுங்கள். புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலம் ஆக்சைடைக் கரைத்துவிடும். கழுவிய பரப்பில் நீர் முத்துமுத்தாக நில்லாமல் சீராகப் பரவினால் எண்ணெய்ப் பசை நீங்கிவிட்டது என்று பொருள். அதன்பின் விரலால் தொடாதீர்கள். ஒரு துண்டை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படியே வைத்துவிடுங்கள்.

சோதனை 1: ஒரு துண்டின் முனையை இடுக்கியால் பிடித்து, மறுமுனையைச் சாராய விளக்கில் மெதுவாகச் சூடாக்குங்கள். சூடான முனையிலிருந்து தொடங்கி நிறப்பட்டைகள் நகர்ந்து வருவதைக் காண்பீர்கள். பழுப்பு, செவ்வூதா, நீலம், வெளிறிய மஞ்சள் என்று அவை அடுத்தடுத்து நிற்கும். மிகச் சூடான இடத்தில் கறுப்பாகிவிடும். குளிர்ந்தபின் வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சோதனை 2: நன்கு வேகவைத்த முட்டையின் மஞ்சட் கருவைச் சூடாக நசுக்கி ஒரு புட்டியில் இடுங்கள். ஒரு துண்டைக் கருவில் படாதபடி நூலில் தொங்கவிட்டு மூடுங்கள். கருவிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு சில மணி நேரத்தில் செம்பைப் பொன்னிறமாகவும், பிறகு பழுப்பாகவும் கறுப்பாகவும் மாற்றும்.

சோதனை 3: ஒரு கைப்பிடி மரத்தூளில் வினிகரும் ஒரு தேக்கரண்டி உப்பும் கலந்து ஈரமாக்கி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் இடுங்கள். மூன்று துண்டுகளை அதில் புதைத்து, இரண்டு மூன்று நாள் கழித்து எடுத்து, கழுவாமல் உலர விடுங்கள். நீலப் பச்சை பூத்திருக்கும்.

சோதனை 4: பச்சை பூத்த துண்டுகளில் ஒன்றை, ஈரப் பஞ்சு வைத்த புட்டியில் அதில் படாமல் வைத்து மூடுங்கள். இரண்டாவதைச் சிலிக்கா ஜெல் இட்ட உலர்ந்த புட்டியில் வையுங்கள். மூன்றாவதை நீரில் பலமுறை ஊறவைத்துக் கழுவி உலர்த்தி, ஈரப் பஞ்சு உள்ள இன்னொரு புட்டியில் வையுங்கள். ஒரு வாரம் கழித்து மூன்றையும் ஒப்பிடுங்கள். வெண்கல நோய்க்கு உப்பும் ஈரமும் ஆகிய இரண்டும் தேவை என்பதை உங்கள் கண்ணாலேயே காணலாம்.

எச்சரிக்கை: செம்பின் உப்புகள் நஞ்சு. வாயில் படக்கூடாது, சமையல் பாத்திரங்களைச் சோதனைக்குப் பயன்படுத்தக்கூடாது, முடித்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள், முட்டையை எறிந்துவிடுங்கள். சிற்பிகள் பயன்படுத்தும் நைட்ரேட்டுகளையும் அமிலங்களையும் நீங்களாகக் கையாள வேண்டாம்.

தேய்ப்பதா, விடுவதா?

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது நீங்களே விடை கூற முடியும். சமையல் பாத்திரத்தில் களிம்பு இருக்கக்கூடாது. புளிக்குழம்பும் மோரும் அதைக் கரைத்து உணவில் கலந்துவிடும். வாந்தியும் வயிற்றுவலியும் வரும். அதனால்தான் செம்பு, பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்தில் நவச்சாரம் தூவி வெள்ளீயம் பூசும் வழக்கம் நம்மிடையே ஏற்பட்டது. ஈயம் தேய்ந்த பாத்திரத்தில் புளிப்பானவற்றைச் சமைக்கக்கூடாது.

ஆனால் பழஞ்சிலை ஒன்றையோ பழங்காசு ஒன்றையோ காண நேர்ந்தால் புளியையும் சாம்பலையும் தேடாதீர்கள். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் பச்சையுடன் உலோகமும் சிறிது போகிறது. பல தலைமுறைகள் தேய்த்துத் தேய்த்துக் கண்ணும் மூக்கும் மழுங்கிய திருமேனிகள் உண்டு. மண்ணிலிருந்து கிடைத்த வெண்கலப் பொருளாயின் அதை உலர்வாக வைத்து, அரசு அலுவலர் வழியே அருங்காட்சியகத்தாரிடம் சேர்ப்பதே முறை. அந்தப் பச்சை காவலனா கள்வனா என்பதை ஆராய்ந்து சொல்வது அவர்கள் வேலை.

சிந்தித்து விடை எழுதுக

1. ஊடுருவலால் வளரும் படலம் ஓராண்டில் 2 அலகு வளர்ந்தால், 25 ஆண்டில் எத்தனை அலகு இருக்கும்?

2. சோதனை 1-இல் கிடைத்த நிறப்பட்டைகளில் மிக மெல்லிய படலம் எந்த நிறத்தில் உள்ளது? எவ்வாறு அறிந்தீர்கள்?

3. ஒரு செம்புத் துண்டின் நிறம் அயனியால் வந்ததா, குறுக்கீட்டால் வந்ததா என்பதை, படலத்தைச் சுரண்டாமல் கண்டறிய ஒரு வழி கூறுக.

4. செம்புத் தகட்டை இரும்பு ஆணியால் அறைந்து மழையில் வைத்தால் எது முதலில் கெடும்? ஏன்?